இருநூற்றுப் பதினான்கு பேருக்கு ஒரு மரம்

ஜூன் 9

ஒன்றாம் வகுப்பு: பதிவேட்டில் 214. வந்தவர்கள் 198. ஆசிரியை ஒருத்தி. மாமரம் ஒன்று.

ஏழரைக்கு மரத்தின் மேற்குப் பக்கம் தொடங்குகிறோம். பதினோரு மணிக்குள் நிழல் தெற்கே நகர்ந்து சுருங்கிவிடும், அதோடு நாங்களும் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்வோம். கடைசி வரிசைக்கு என் குரலும் எட்டாது, நிழலும் எட்டாது. அவர்கள் அங்கே என்ன கற்கிறார்கள் என்று பதினான்கு வருடமாக எனக்குத் தெரியாது.

வட்டாரக் கல்வி ஆலோசகர் மலுவா மோட்டார் சைக்கிளில் வந்தார். வகுப்பைப் பார்த்து, "என்ன எனிஃபா டீச்சர், சந்தையா இது?" என்றார்.

"சந்தைன்னா ஏதாவது விக்கும் ஐயா. இங்க அதுவும் இல்ல."

சிரித்தார். பிறகு சொன்னதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். ஊர் நாற்பதாயிரம் செங்கல் அறுத்துச் சுட்டு அடுக்கிவைக்க வேண்டும். அதைக் காட்டினால் அரசாங்கம் சிமெண்டும் தகரமும் தரும். இரண்டு அறை.

"மழைக்கு முன்னாடியா?"

"செங்கல் ரெடின்னா மறு வாரமே லாரி வரும், டீச்சர்."

நவம்பருக்குள் கூரை. அவ்வளவுதான் எனக்கு வேண்டும். வேறு எதுவும் இந்த அரசாங்கத்திடம் நான் கேட்டதில்லை. சம்பளம் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டேன், வரும்போது வருகிறது.

ஜூன் 24

ஆற்றங்கரையில் செங்கல் அறுக்கிறார்கள். ஆண்கள் மண் மிதிக்கிறார்கள், பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள். எங்கள் தலைமையாசிரியர் கச்சிங்வே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுகிறார். அவருக்கு எண்ணத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது.

தாமதமாக வரும் பிள்ளைக்கு இரண்டு செங்கல் தண்டனை வைத்திருக்கிறேன். ஆற்றிலிருந்து பள்ளிவரை. ஒரு வாரத்தில் யாரும் தாமதமாக வருவதில்லை. அதனால் இப்போது சீக்கிரம் வருபவர்களுக்கும் இரண்டு.

ஜூலை 17

31,000.

கச்சிங்வேயின் கணக்கில் 33,000. இரண்டாயிரம் அவர் நாற்காலியிலேயே அறுத்திருப்பார்.

ஆகஸ்ட் 5

நாற்பதாயிரத்து இருநூறு பச்சைச் செங்கல். சூளை அடுக்கியாயிற்று. விறகு போதவில்லை.

வீட்டுக்கு ஒரு தலைச்சுமை என்று வாங்கிப் பார்த்தோம். காட்டுக்குள் போனால் வனக்காவலர் கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு பெயரை எழுதிக்கொள்கிறார். இன்னும் பன்னிரண்டு மாட்டு வண்டி விறகு வேண்டும் என்கிறார் சூளைக்காரர். பாதி வெந்த செங்கல்லைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்று மலுவா முன்பே சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். நின்ற இடம் மாமரத்தடி. நான் அண்ணாந்து பார்த்தேன்.

யோசனை என்னுடையது. இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். கச்சிங்வே பின்னால் இதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொள்வார், நல்லபடி முடிந்தால். முடியாவிட்டால் என்னுடையது என்பார்.

ஆகஸ்ட் 8

ஊர்க் கூட்டம். மரத்தை வெட்டுவதை ஒரே ஒருத்திதான் எதிர்த்தாள், ஃபலேசி. மரத்தடியில் பேசின் வைத்து, மந்தாசி என்ற எண்ணெய்ப் பணியாரம் சுட்டு விற்கிறவள். அவள் மகள் ட்ரைனெஸ் என் வகுப்பில்தான், அடிமரத்து வேரில் உட்கார்ந்து, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் குட்டி.

ஃபலேசி எழுந்து, "டிசம்பர்ல வீட்டுல மாவு தீந்துபோகும். அப்ப இந்தப் புள்ளைங்க எதுக்கு பள்ளிக்கூடம் வருதுன்னு நெனக்கிறீங்க? ஒங்க எழுத்துக்கா? மாங்காய்க்குத்தான் வருது டீச்சர்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். மாங்காய்க்கு வந்தார்களாம்!

"ஒனக்கு வியாபாரம் போயிடும்னு சொல்லு. நேரா சொல்லு. நிழல் இல்லேன்னா ஒன் மந்தாசியை எவன் நின்னு வாங்குவான்? புள்ளைங்க பேர ஏன் இழுக்கிற?" என்றேன்.

"நான் அதுக்குச் சொல்லல."

"பேரு எழுதத் தெரியுமா ஒனக்கு? இங்க வந்து கையெழுத்து போடு, மரத்த வெட்ட வேணாம்னு எழுதிக் கையெழுத்து போடு, நான் விட்டுடறேன்."

அவளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரியும் அவளுக்குத் தெரியாது என்று. உட்கார்ந்துவிட்டாள். ஊர்த் தலைவர், "அப்ப சரி, வெட்டிடலாம்" என்றார்.

நான்தான் ஜெயித்தேன். களியை அப்படியே மூடிவைத்துவிட்டேன் இன்று.

ஆகஸ்ட் 14

மரம் விழ ஒன்றரை நாள் ஆயிற்று. பதினான்கு வண்டி, சூளைக்காரர் கேட்டதைவிட இரண்டு அதிகம்.

விடுமுறைதான், ஆனாலும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ட்ரைனெஸ் கேட்டாள்: "டீச்சர், நாங்க எங்க உக்காருவோம்?"

"உள்ள."

"எதுக்குள்ள?"

செங்கல்லைக் காட்டினேன். அவள் அதை நன்றாகப் பார்த்தாள். "அதுக்குள்ளயா?" என்றாள். குட்டிக்கு வாய் அதிகம்.

ஆகஸ்ட் 30

சூளை அருமையாக வெந்திருக்கிறது. ஒரு செங்கல்லைத் தட்டினால் வெண்கலச் சத்தம். மலுவா கைப்பேசியில் படம் எடுத்தார், செங்கல்லோடு கச்சிங்வே, செங்கல்லோடு ஊர்த் தலைவர், செங்கல்லோடு நான்.

"லாரி?" என்றேன்.

"புது நிதியாண்டு இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு. முதல் தவணை வந்திடட்டும்."

"மறு வாரம்னு சொன்னீங்களே ஐயா."

"நான் எந்த வாரம்னு சொன்னேனா?"

அதற்கும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

செப்டம்பர் 16

நாளை பள்ளி திறக்கிறது. இரண்டாம் வகுப்புக்கு யார் போவது என்ற பட்டியலை முடித்தேன். அங்கே அறை உண்டு, ஆனால் தரை எழுபது பேருக்குத்தான். அதனால் எழுபது பேர் தேர்ச்சி. எழுபத்தோராவது பிள்ளை அறிவாளியாக இருந்தாலும் மறுபடி ஒன்றாம் வகுப்புதான்.

ட்ரைனெஸுக்கு எல்லா எழுத்தும் தெரியும். கூட்டிப் படிக்கிறாள். அவளை நிறுத்தி வைத்தேன். உருவம் சிறியது, இன்னொரு வருடம் இருக்கட்டும்.

ஃபலேசி மேலுள்ள கோபமா? இல்லை.

இல்லை என்று எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 18

புதியவர்களும் தேறாமல் நின்றவர்களும் சேர்த்து 207.

வெட்டிய அடிமரத்தின் மேல் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அவர்கள் வெட்டவெளியில். பிரம்புக்குக் கை தானாக மேலே போனது, கிளை ஒடிக்க. அடிக்கவும் குச்சி இல்லாமல் போயிற்று.

அக்டோபர் 11

அடுப்புக்குள் பாடம் நடத்துகிறேன். ஒன்பது மணிக்கே மண் சுடுகிறது. இன்று இரண்டு பேருக்கு மூக்கில் ரத்தம், ஒரு பெண் மயங்கி விழுந்தாள். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். நோட்டின் ஒரே பயன் இப்போது அதுதான். வருகை 131.

ஃபலேசி பேசினைத் தூக்கிக்கொண்டு சாலையோரப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். முன்பெல்லாம் ஐந்து மந்தாசி வாங்கினால் கொசுறாக ஒன்று போடுவாள். நேற்று எண்ணி ஐந்து கொடுத்தாள்.

அக்டோபர் 19

மாவட்ட அலுவலகம் இருக்கும் போமாவுக்கு, வேன் கட்டணம் கைக்காசில் கொடுத்து, நானே போனேன். ஓர் இளைஞன் கணினியில் பார்த்துச் சொன்னான், முதல் தவணையில் பாதிதான் தலைநகரிலிருந்து வந்திருக்கிறதாம். வந்ததும் எரிபொருளுக்கும் கூட்டங்களுக்கும் போய்விட்டது.

"என்ன கூட்டம் தம்பி?"

"ஆரம்பக் கல்வியை மேம்படுத்தறது பத்தி மேடம்."

"அதுல என்ன முடிவாச்சு?"

"இன்னொரு கூட்டம் வைக்கணும்னு."

பையன் நல்லவன். வாசல்வரை வந்து வழி காட்டினான்.

நவம்பர் 21

மழை. எட்டு மணிக்குப் பிடித்தது. நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் செங்கல் அடுக்கின் ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள், கட்டாத சுவருக்குப் பக்கத்தில் நிற்பதுபோல. அடுக்கு சரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து, "வீட்டுக்கு ஓடுங்க!" என்று கத்தினேன். ஓடினார்கள்.

நவம்பருக்குள் கூரை. ஆமாம்.

நவம்பர் 28

மழை. வகுப்பு இல்லை.

நவம்பர் 29

மழை. வகுப்பு இல்லை. செங்கல் மட்டும் கழுவிவிட்டதுபோல் அழகாக இருக்கிறது.

டிசம்பர் 6

வெயில் அடித்தது. வந்தவர்கள் 84.

போன டிசம்பரில் 190-க்குக் குறையவே இல்லை. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன், அதற்கு முந்தைய வருடமும், அதற்கு முந்தையதும். வீடுகளில் மாவு தீர்ந்து, ஒருவேளைக் கஞ்சியோடு நிற்கும் மாதத்தில் என் வகுப்பு நிரம்பி வழிந்திருக்கிறது. என் கற்பித்தல் திறமை என்று நானும் நம்பி, மலுவாவிடமும் பெருமையடித்திருக்கிறேன்.

மாங்காய்க்கு வந்திருக்கிறார்கள். பாவிகள், மாங்காய்க்குத்தான் வந்திருக்கிறார்கள்.

ஃபலேசியிடம் போய் இதைச் சொல்லலாமா? சொல்லி? மரத்தை ஒட்டவைக்கவா?

ஜனவரி 15

நாளை வருடாந்திரக் கணக்கெடுப்பு. இதை வைத்துத்தான் அரசாங்கம் எந்தப் பள்ளிக்கு என்ன என்று முடிவு செய்கிறது.

கச்சிங்வே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், இருநூறுன்னே போட்டுடுவோமே. எல்லா ஸ்கூலும் பக்கத்து ஊரு புள்ளைங்கள அன்னைக்கு மட்டும் கூட்டியாந்து உக்கார வைக்கிறாங்க. ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினா முடிஞ்சுது."

"நான் பொய்க் கணக்கு எழுத மாட்டேன் ஐயா."

"பொய்யின்னு ஏன் நெனக்கிறீங்க? போன வருஷம் இருந்தாங்கல்ல?"

"முடியாது."

என்னவோ, அவரைவிட நான் ஒரு படி மேல் என்று காட்ட இது ஒன்றுதான் என்னிடம் மிச்சம்.

ஜனவரி 16

59 பேர். உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ட்ரைனெஸ் இல்லை. புகையிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டாளாம், மாமன் குடும்பத்தோடு. அங்கே பிள்ளைகளுக்கு இலை கட்டும் வேலை, ஒருவேளைச் சாப்பாடு நிச்சயம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். போகும்போது அந்தக் குட்டி, "ரெண்டாம் கிளாஸ்னா இருந்திருப்பேன், அங்க கூரை இருக்கு" என்றதாம்.

இதை எதற்கு எழுதுகிறேன்? எழுதாமல் இருந்தால் மறந்துவிடுமா என்று பார்க்கலாம்.

பிப்ரவரி 20

போமாவிலிருந்து கடிதம். கச்சிங்வே வாய்விட்டுப் படித்துக்காட்டாமல் என் கையில் கொடுத்தார். அவருக்கு என்னைப் பார்க்க அவ்வளவு பயம்.

இந்த நிதியாண்டில் பணம் குறைவு. ஆகவே ஒன்றாம் வகுப்பில் நூற்றைம்பது பேருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு மட்டுமே புதிய அறை. நம்பேரா பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் ஐம்பத்தொன்பது பேரே இருப்பதால் தேவை எழவில்லை. ஊர் மக்கள் தயாரித்த செங்கல்லுக்கு நன்றி.

நன்றியாம்!

அறை இல்லாததால பிள்ளைங்க போச்சு, பிள்ளைங்க போனதால அறை இல்லையாம். எந்த மடையன்டா ஒக்காந்து எழுதுனான் இத? கச்சிங்வே மெதுவாகச் சொன்னார்: "பிஸ்கட் பாக்கெட் முந்நூறு குவாச்சாதான் டீச்சர்."

அவரை அறைந்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது சரி.

பிப்ரவரி 27

ஊர்த் தலைவர் ஒரு சாவுக்கு, குழியைச் சுற்றிக் கட்ட நூற்றைம்பது செங்கல் கடன் கேட்டார். கொடுத்தோம். கட்டாத பள்ளிக்கூடத்திலிருந்து முதல் ஆள் தேறிப் போயிருக்கிறார்.

மார்ச் 13

இன்னொரு கடிதம். இதைக் கச்சிங்வே சிரித்துக்கொண்டே கொண்டுவந்தார்.

ஓர் ஆசிரியருக்கு அறுபது மாணவர் என்பதுதான் அரசாங்கத்தின் இலக்கு. இந்த வட்டாரத்தில் ஒன்றாம் வகுப்பில் அந்த இலக்கை எட்டிய ஒரே பள்ளி நம்பேரா. ஒரே வருடத்தில் 214-லிருந்து 59. பாராட்டு விழா. பரிசு. ஆசிரியை நேரில் வர வேண்டும்.

நான் இரண்டு தடவை படித்தேன். கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். முத்திரை இருந்தது.

மார்ச் 22

விழாவுக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன், சர்ச்சுக்கு உடுத்தும் உடுப்போடு. ஃபலேசி பேசினோடு உட்கார்ந்திருந்தாள். மறைந்து நிற்க ஒரு நிழல்கூட இல்லை அங்கே.

"எங்க டீச்சர், இவ்ளோ பளபளன்னு?"

"போமாவுக்கு. பரிசு தர்றாங்க."

"என்னத்துக்கு?"

பொய் சொல்ல மாட்டேன் என்ற திமிர் எனக்கு. சொன்னேன். வகுப்பில் பிள்ளைகள் குறைந்ததற்கு.

அவள் ஐந்து மந்தாசியைக் காகிதத்தில் வைத்தாள். ஆறாவதாக ஒன்றை எடுத்து மேலே வைத்தாள்.

"கொசுறு. அதுல ஒண்ணு கொறஞ்சது எம் புள்ளதான டீச்சர். அது பங்குக்கு வச்சுக்கோங்க."

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எப்படி இருப்பது?

போமாவில் எல்லோரும் கை தட்டினார்கள். "இதை எப்படிச் சாதிச்சீங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். மரத்தை வெட்டினேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. "பெற்றோர் ஒத்துழைப்பு" என்றேன். மறுபடி கை தட்டினார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார்.

பரிசு, ஒரு சுவர்க் கடிகாரம். பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. மாட்ட இடம்?

ஏப்ரல் 25

மலுவா போமாவுக்கே மாற்றலாகிறார். அவர் இடத்துக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறாராம். வட்டாரக் கல்வி ஆலோசகர். பதினொரு பள்ளி, ஒரு மோட்டார் சைக்கிள், சம்பளம் மாதக் கடைசியிலேயே வருமாம்.

"ஒங்கள மாதிரி ரிசல்ட் காட்டினவங்க வேணும் டீச்சர்."

வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்.

ஏப்ரல் 26

முழங்கால் வலி. பதினான்கு வருடம் மண்ணில். எனக்கும் ஒரு கூரை வேண்டாமா?

மே 4

சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

மே 30

நம்பேராவில் கடைசி நாள். 43 பேர். யாரும் அழவில்லை, நானும்தான். ஃபலேசியிடம் சொல்லிக்கொள்ளப் போகவில்லை. நிறுத்தத்தை மோட்டார் சைக்கிளில் வேகமாகக் கடந்தேன். அவள் பார்த்தாளா தெரியாது.

ஜூன் 12

கபுது பள்ளிக்குப் போனேன். ஆலோசகராக முதல் ஊர்க் கூட்டம். நிதியாண்டு முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது. அதற்குள் என் வட்டாரத்திலிருந்து ஒரு பள்ளியாவது 'ஊர்ப் பங்களிப்பு தொடங்கியது' என்று எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் அடுத்த வருட ஒதுக்கீடு வேறு வட்டாரத்துக்குப் போய்விடும்.

ஒன்றாம் வகுப்பில் 187 பேர், மரத்தடியில். இங்கேயும் மாமரம்தான். நம்பேரா மரத்தைவிடப் பெரியது. எனக்கு நாற்காலி போட்டார்கள். வண்டி ஓட்டி வந்த களைப்புக்கு அந்த நிழல் அப்படி ஒரு சுகமாக இருந்தது.

மலுவா சொன்னதை அப்படியே சொன்னேன். நாற்பதாயிரம். சுட்டது. காட்டினால் சிமெண்ட், தகரம். எனக்கே ஆச்சரியம், ஒரு வார்த்தை தடுக்கவில்லை. இங்கேயும் விறகு இல்லை என்று யாரோ முனகினார்கள். அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அவர்களே அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள்.

பின்னாலிருந்து ஒருத்தி எழுந்தாள், முதுகில் குழந்தை. "நம்பேராவுல நீங்கதான இருந்தீங்க டீச்சர்? அங்க ஆச்சா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"செங்கல் எல்லாம் ரெடியா இருக்கும்மா" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் திருப்தியாகி உட்கார்ந்தாள். ஊர்த் தலைவர் நாளையே மண் வெட்டத் தொடங்கலாம் என்றார். படிவத்தில் 'தொடங்கியது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

கிளம்புமுன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். பதினாறு வண்டி தேறும்.